சாப்பாட்டு மண்டபத்து வாள்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் ஒவ்வொரு வருடமும் எமக்கு ஒரே பிரச்சினைதான். தரம் 6, 7 பிள்ளைகளை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடு. தரம் 9க்கு வந்ததும் பெண்பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். கேட்டால் "உம்மா வேணாம் என்டாங்க", "உடுப்பு சரிவராது டீச்சர்" என்பார்கள். நாமும் அதே வயதில் அதே காரணம் சொல்லி நின்றவர்கள்தான். அதனால் அதற்கு மேல் கேட்பதில்லை.

இந்த வருடம் ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டாள். "டீச்சர், முழுசா மூடிக்கொண்டு விளையாடுற விளையாட்டு உலகத்துல ஒன்டும் இல்லையா?"

நாம் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அப்படியொரு விளையாட்டு இருக்கிறது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கிலிருந்து இன்றுவரை ஒரு முறையும் விடுபடாத விளையாட்டுகள் ஐந்துதான். மெய்வல்லுநர், சைக்கிளோட்டம், ஜிம்னாஸ்டிக், நீச்சல், வாள்வீச்சு. அந்த வாள்வீச்சைத்தான் சொல்கிறோம். நீண்ட கை ஜாக்கெட், கையுறை, முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டை, அதைத் தொடும் நீண்ட காலுறை, முகத்துக்குக் கம்பிவலை முகமூடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடை. எல்லாம் பாதுகாப்புக்காக வந்தவை. மார்க்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த உடையைப் பார்த்துத்தான் ஒரு முஸ்லிம் தாய் தன் மகளை ஒரு பாடசாலைக் கழகத்தில் சேர்த்தார். அந்த மகள் ஒலிம்பிக் பதக்கத்துடன் வீடு திரும்பினார். அவரது கதை பலருக்குத் தெரியும். அந்தக் கழகம் ஏன் அங்கே இருந்தது, அதற்கு முன் யார் அந்த வாசலைத் திறந்தார்கள் என்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

*கனவான்களின் விளையாட்டு*

வாள்வீச்சு பிரபுக்களின் வீட்டில் பிறந்த விளையாட்டு. ஐரோப்பாவில் மானப் பிரச்சினை என்றால் நீதிமன்றம் போகாமல் வாளை எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சண்டைக்குப் பழகுவதற்காக முனை மழுங்கிய, மெல்லிய வாள் ஒன்று உருவானது. 'ஃபொயில்' என்பது அதுதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பிவலை முகமூடி வந்த பிறகு கண் போகும் பயமில்லாமல் பழக முடிந்தது. இன்று போட்டிகளில் மூன்று வாள்கள் இருக்கின்றன. ஃபொயிலில் உடற்பகுதியை மட்டும் தொடலாம். எப்பேயில் தலை முதல் கால் வரை எங்கும் தொடலாம். சேபரில் இடுப்புக்கு மேலே குத்தவும் வெட்டவும் முடியும்.

பழகுவதற்கு ஆசான் வேண்டும், மண்டபம் வேண்டும், பணம் வேண்டும். ஆகவே அது நீண்ட காலம் வசதியுள்ளவர்களிடமும் இராணுவ அதிகாரிகளிடமுமே இருந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1924இல், பரிஸில். அதுவும் ஃபொயில் மட்டும். எப்பே 1996இல்தான் வந்தது. சேபருக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் வாளுக்கும் மூன்றாம் வாளுக்கும் இடையில் 80 வருடங்கள்!

அதே 1924 பரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிக்கும் ஹங்கேரிக்கும் இடையே பெரும் சர்ச்சை ஒன்று வந்தது. ஹங்கேரி அணியின் ஆசான் இத்தாலோ சாண்டெல்லி. அவரை அவமதித்து இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். முதியவரான அவர் சண்டைக்கு அழைத்தார். தந்தைக்குப் பதிலாக மகன் ஜோர்ஜியோ சாண்டெல்லி உண்மையான சேபரை ஏந்தி நின்றார். பத்திரிகையாளரின் தலையில் காயம் பட்டதோடு சண்டை முடிந்தது.

இந்த ஜோர்ஜியோ பிறகு நியூயோர்க்கில் குடியேறி, வாள்வீச்சு மண்டபம் நடத்தி, அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். இன்று பக்கத்து மாநிலமான நியூ ஜேர்சியில் உயர்பாடசாலை மாணவிகளுக்கு நடக்கும் வாள்வீச்சுச் சுற்றுப்போட்டியின் பெயர் சாண்டெல்லி. மானத்துக்காக இரத்தம் சிந்திய ஒருவரின் பெயர் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிரபுக்களின் மண்டபத்திலிருந்து அரச பாடசாலைக்கு அந்த வாள் நடந்த தூரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எமக்குக் கிடைக்கவில்லை.

*ஐந்து டொலர்*

நியூ ஜேர்சியின் நெவார்க் நகரம். 1967 ஜூலையில் அங்கே வெடித்த கலவரத்தில் 26 பேர் இறந்தார்கள். அந்த நகரின் அரசாங்கத் தொடர்மாடி வீடுகளில் வளர்ந்தவர் பீட்டர் வெஸ்ட்புரூக். தந்தை கறுப்பின அமெரிக்கச் சிப்பாய். தாய் மரிகோ ஜப்பானியப் பெண்மணி. தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய்க்கு, மகன் தெருவில் யாரோடு சேர்வானோ என்ற பயம்.

சாமுராய் பரம்பரையில் வந்த தாய் அவர். வாள் பிடிக்கும் இடத்தில் ஒழுங்கான மனிதர்கள் இருப்பார்கள் என்பது அவரது நம்பிக்கை. மகன் படித்த உயர்பாடசாலையில் வாள்வீச்சு அணி இருந்தது. மகனுக்கோ அதில் விருப்பமில்லை. தாய் ஒரு பேரம் பேசினார். போய்ப் பார்த்தால் ஐந்து டொலர் தருவதாகச் சொன்னார். மகன் காசுக்காகப் போனார். போனவர் திரும்பவில்லை.

வாளின் உதவியால் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசில் கிடைத்தது. 13 தடவை அமெரிக்காவின் சேபர் சம்பியன் ஆனார். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் சேபரில் வெண்கலம் வென்றார். அமெரிக்க வாள்வீச்சுக்கு 24 வருடங்களின் பின் கிடைத்த தனிநபர் பதக்கம் அது. வாள்வீச்சில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கரும் அவரே.

இத்தோடு நின்றிருந்தால் அது ஒரு மனிதரின் வெற்றிக் கதை. 1991இல் அவர் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நியூயோர்க்கில் பழைமையான வாள்வீச்சுக் கழகமொன்றின் மண்டபத்தில், சனிக்கிழமைகளில், வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. வாளோடு சேர்த்துப் பாடப் படிப்புக்கும் உதவி கிடைத்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான கீத் ஸ்மார்ட் 2003இல் ஆண்கள் சேபரில் உலகத் தரவரிசையின் முதலிடத்துக்கு வந்தார். 2008 பீஜிங்கில் அவரும் அவரது தங்கை எரினும் வெவ்வேறு அணிகளில் வெள்ளி வென்றார்கள். வெஸ்ட்புரூக் 2024 நவம்பரில் காலமானார்.

ஐந்து டொலர் கொடுத்து ஒரு பிள்ளையை ஒரு வாசலுக்குள் தள்ளிவிட்ட தாய்க்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பாடசாலையில் ஒரு வாசல் இருக்கிறது.

*காரிலிருந்து பார்த்த உம்மா*

நெவார்க்குக்குப் பக்கத்தில் மேப்பிள்வூட் என்ற சிற்றூர். அங்கே கொலம்பியா உயர்பாடசாலை, ஓர் அரச பாடசாலை. 1990களின் கடைசியில் ஒரு நாள் டெனிஸ் முஹம்மத் என்ற தாய் மகளுடன் அந்த வீதியால் காரில் போகிறார். பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தின் ஜன்னல் வழியாக, உடல் முழுவதும் மூடி, முகமூடி போட்டுப் பிள்ளைகள் ஏதோ விளையாடுவது தெரிகிறது. அது என்ன விளையாட்டு என்று அவருக்கே தெரியாது. இது நம் பிள்ளைக்குச் சரிவரும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

டெனிஸ் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை. கணவர் பொலிஸ் உத்தியோகத்தர். ஐந்து பிள்ளைகள். விளையாட்டை வேண்டாமென்று சொன்ன குடும்பம் அல்ல அது. மகள் இப்திஹாஜ் எந்த அணியில் சேர்ந்தாலும் உம்மா அந்த அணியின் உடுப்புக்கு நீண்ட கை வைத்துத் தருவார். அதனால் எல்லா அணியிலும் அவர் மட்டும் தனியாகத் தெரிவார். வாள்வீச்சில்தான் முதல் தடவையாக எல்லோரையும் போலவே உடுத்தினார். ஹிஜாபுக்கு மேலே முகமூடியைப் போட்டால் யார் யார் என்றே தெரியாது. பதின்மூன்று வயதில் தன்னை யாரும் உற்றுப் பார்க்காத ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எமது மாணவிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் எப்பே பழகினார். பயிற்றுனரின் தூண்டுதலில் சேபருக்கு மாறினார். அவர் சேபரைக் கையில் எடுத்தபோது பெண்கள் சேபர் எந்த ஒலிம்பிக்கிலும் நடந்திருக்கவில்லை. பாடசாலை அணியின் தலைவியானார். 2002இல் வெஸ்ட்புரூக்கின் சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு ஜப்பானியத் தாயின் ஐந்து டொலரும், ஒரு முஸ்லிம் தாயின் ஜன்னல் பார்வையும் சந்தித்த இடம் அது. பிறகு டியூக் பல்கலைக்கழகம். 2010இல் தேசிய அணி. 2014இல் உலகச் சம்பியன்ஷிப்பில் அணித் தங்கம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சார்பில் ஹிஜாபுடன் போட்டியிட்ட முதலாவது வீராங்கனை ஆனார். தனிநபர் போட்டியில் கடைசிப் பதினாறு பேர் சுற்றில் பிரான்ஸ் வீராங்கனையிடம் 12க்கு 15 எனத் தோற்றார். அணிப் போட்டியில் இத்தாலியை 45க்கு 30 என வென்று வெண்கலம் பெற்றார்கள்.

ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். "ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் முஸ்லிம் பெண்" என்று இவரைப் பற்றிப் பதிவுகள் சுற்றுகின்றன. அது பிழை. மொரோக்கோவின் நவால் அல் முத்தவக்கில் 1984இலேயே 400 மீற்றர் தடைதாண்டலில் தங்கம் வென்றுவிட்டார். வெஸ்ட்புரூக் வெண்கலம் வென்ற அதே லொஸ் ஏஞ்சல்ஸில். எமது பிள்ளைகளுக்கு முன்மாதிரி காட்டும்போது சரியான தகவலைக் காட்டுவோம். உண்மையே போதுமான அளவு பெரிதாக இருக்கிறது.

*மூங்கில் வாள்*

"அது அமெரிக்கா, பணம் இருக்கிறது" என்று சிலர் சொல்வீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையைப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவி, ஒரு கோயில் அர்ச்சகரின் மகள். 2004இல் பாடசாலையில் ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். அவரின் முறை வந்தபோது மற்றவை நிரம்பிவிட்டன. வாள்வீச்சில் மட்டும் இடம் இருந்தது. செலவான விளையாட்டு, தகப்பனாரின் வருமானம் எவ்வளவு என்று கேட்டபோது, சேர்த்துக்கொள்ளமாட்டார்களோ என்ற பயத்தில் கூட்டிச் சொன்னதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

பயிற்சி மூங்கில் தடியில். உண்மையான வாள் உடைந்தால் புதிது வாங்க வழியில்லை, ஆகவே அது போட்டிக்கு மட்டும். பிறகு கேரளத்தின் தலச்சேரியில் அரசாங்கப் பயிற்சி நிலையம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதலாவது இந்தியர் ஆனார். முதல் போட்டியில் 15க்கு 3 என வென்று, அடுத்ததில் 7க்கு 15 எனத் தோற்றார். 2023 ஆசியச் சம்பியன்ஷிப்பில் அப்போதைய உலகச் சம்பியனான ஜப்பானிய வீராங்கனையைத் தோற்கடித்து வெண்கலம் வென்றார். அவரது வாளும் சேபர்தான்.

*ஒரு கழகம் எப்படித் தொடங்குகிறது?*

வாசித்துப் பார்த்ததில் எமக்கு ஆச்சரியம் தந்தது, ஒரு பாடசாலை வாள்வீச்சுக் கழகம் எவ்வளவு சாதாரணமாகத் தொடங்குகிறது என்பதுதான்.

போட்டித் தளம் 14 மீற்றர் நீளம், ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் அகலம். ஒரு நீண்ட நடைபாதை போதும். சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை ஓரம் தள்ளினால் இரண்டு மூன்று தளங்கள் கிடைக்கும். பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டும். முறையாகப் பழகிய பயிற்றுனர் ஒருவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உடைந்த வாளும் பழுதான முகமூடியும் விளையாட்டல்ல. முகமூடி, ஜாக்கெட், கையுறை, வாள் எல்லாம் கழகத்தின் பொதுச் சொத்து. ஒருவர் கழற்ற மற்றவர் போடுவார். மின்சார விளக்கு எரிந்து புள்ளி காட்டும் கருவி இல்லாவிட்டால் நான்கு மாணவர்கள் நான்கு மூலையில் நின்று பார்த்துச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஒலிம்பிக்கிலும் அப்படித்தான் நடந்தது.

புதிதாகச் சேர்பவருக்கு எடுத்த எடுப்பில் வாள் கொடுப்பதில்லை. முதலில் கால். முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, பாய்ந்து முழங்காலை மடித்தல். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வாள் பிடிக்கும் ஆசையில் வந்த பலர் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுவார்கள். தாங்கியவர்கள் கையில் அரைக் கிலோவுக்கும் குறைவான வாள் வரும். போட்டி தொடங்குமுன் எதிராளிக்கும் நடுவருக்கும் பார்வையாளருக்கும் வாளை உயர்த்தி மரியாதை செய்ய வேண்டும். முடிந்த பின்னும் அப்படியே. கோபத்தில் அதை மறுத்தால் தண்டனை உண்டு.

இதில் எதுவும் சம்பியனை உருவாக்கும் இயந்திரம் அல்ல. கொலம்பியாவின் அந்த மண்டபத்தில் பழகிய பெரும்பாலான பிள்ளைகளின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் வியர்த்தார்கள், தோற்றார்கள், சிநேகிதம் பிடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்காகவும்தான் கழகம். அந்தப் பெயர் தெரியாத பிள்ளைகள் அன்று ஜன்னலுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருக்காவிட்டால் காரில் போன தாய் எதைப் பார்த்திருப்பார்?

*எமது பங்கு*

ஆசிரியர் கலாசாலையில் 'இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்' என்று ஓர் அலகு படித்தோம். திறமையுள்ள மாணவரை இனங்காணல், ஊக்குவித்தல், வளர்த்தல் என்று வரிசையாக எழுதிப் புள்ளியும் எடுத்தோம். இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வரிசை கொஞ்சம் தடுமாறுகிறது. மூவரிலும் எவரையும் திறமைக்காக எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் ஐந்து டொலருக்காகப் போனார். ஒருவருக்கு உடுப்பு சரிவந்தது. ஒருவருக்கு அந்த இடம்தான் மிச்சம் இருந்தது. பிள்ளை வருவதற்கு முன்பே பாடசாலை வாசலைத் திறந்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

நாம் மறுபக்கமாகச் செய்கிறோம். திறமையான பிள்ளை வந்தால் கழகம் தொடங்கலாம் என்கிறோம். உம்மா சம்மதித்தால் பார்க்கலாம் என்கிறோம். சம்மதிப்பதற்கு அந்த உம்மா எதையாவது பார்த்திருக்க வேண்டாமா?

பெற்றோரைக் குறை சொல்லி இந்தப் பதிவை முடிக்கலாம். அது இலகு. அவர்களின் தயக்கத்தில் பாதி எங்களிடமிருந்து வந்தது. கட்டைக் கை உடுப்பைத் தைத்துக் கொடுத்துவிட்டு, மாற்று உடுப்பைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசாதவர்கள் நாம். டெனிஸ் முஹம்மத் தனியாகத் தையல் இயந்திரத்தில் செய்ததை ஒரு பாடசாலை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்ய முடியாதா? முழு அணிக்கும் நீண்ட கை தைத்தால் ஒரு பிள்ளை மட்டும் தனியாகத் தெரியமாட்டாள்.

நாளைக்கே வாள்வீச்சுக் கழகம் தொடங்கப் போவதில்லை. பயிற்றுனரும் இல்லை, முகமூடி வாங்கக் காசும் இல்லை. எமது மண்டபத்தின் சுவரில் ஒரு மேசைப்பந்து மேசை பல வருடமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் ஒரு கால் ஆடுகிறது, திருத்தலாம். வரும் திங்கட்கிழமை பாடசாலை விட்ட பிறகு 2 மணிக்கு அதை விரிக்கிறோம். தரம் 8இலிருந்து மேலே எந்தப் பெண்பிள்ளையும் வரலாம். நீண்ட கை, நீண்ட காற்சட்டை, ஹிஜாப், எதுவும் தடையில்லை. தெரிவு கிடையாது. வந்தவர்தான் அணி.

ஜன்னலை மூடிவிட்டு விளையாடுவோம் என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். அவரது கவலை எமக்குப் புரிகிறது. நன்றாகப் பேசினோம். கடைசியில் வீதிப் பக்க ஜன்னல் இரண்டும் திறந்திருக்கட்டும் என்று முடிவானது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் உம்மாமார் வழமையாக அந்தப் பக்கம்தான் நிற்பார்கள்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் ஆளாக அவளை அழைப்போம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பாடசாலையிலும் இப்படிச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள்.